சின்னவனும் பெரியம்மாவும்

அந்த மிருகக்காட்சிசாலையின் மிகப் பெரிய விலங்குகளுள் ஒன்றுக்குச் சின்னவன் என்றும், மிகச் சிறிய உயிர்களுள் ஒன்றுக்குப் பெரியம்மா என்றும் பெயர். சின்னவன் ஒரு பனிக்கரடி. குட்டியாக வந்திறங்கிய நாளில் ஒரு தலையணையின் அளவே இருந்தமையால் அப்பெயரைப் பெற்றான். பின்னர் அவன் வளர்ந்தான், பெயர் வளரவில்லை. பெரியம்மா ஒரு பஞ்சவர்ணக்கிளி. அங்குப் பணிபுரிந்த அனைவருக்கும் முன்னரே அவள் வந்து சேர்ந்துவிட்டாள். ஆகையால், கண்காணிப்பாளர் உட்பட ஒருவரும் அவளுக்கு வேறு பெயர் சூட்டத் துணியவில்லை.

இவ்விருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆயினும், பல ஆண்டுகளாக ஒரே இயந்திரத்தைப் பகிர்ந்துகொண்டு வாழ்ந்தனர். குளிர்ச்சியும் வெம்மையும் தரவல்ல இயந்திரம் அது. வெயிற்காலத்தில் கரடியின் குகையில் நின்று குளிரூட்டும். குளிர்காலத்தில் கிளியின் அறையில் நின்று வெம்மையூட்டும். பருவம் மாறும்போது அதனை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றி, ஒட்டகங்களையும் ஆமைக்குளத்தையும் கடந்து கொண்டுசெல்வர். அவ்வண்டியின் முன்சக்கரம் கிறீச்சிடும். எவ்வளவு எண்ணெய் இட்டும் அவ்வொலி போகவில்லை. அதனைக் கேட்டால் சின்னவன் எத்தகைய உறக்கத்திலிருந்தும் எழுந்து வாயிலருகே வந்து நிற்பான். பெரியம்மாவோ அதனைக் கற்றுக்கொண்டுவிட்டாள். பஞ்சவர்ணக்கிளி பேசும் என்று கேள்விப்பட்டு வருவோர் அவள்முன் நின்று தம் பெயரையும் தம் பிள்ளைகளின் பெயரையும் வாய் வலிக்கச் சொல்லிக் காட்டுவர். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு அமர்ந்திருப்பாள். குளிர் உறைக்கும் வேளையில் மட்டும் திரும்பி, அச்சக்கரத்தின் ஒலியை அச்சுப் பிசகாமல் எழுப்புவாள். இயந்திரத்தைக் கொண்டுவருக என்பது அதன் பொருள். அவள் கற்றிருந்த மொழி அவ்வளவே.

ஒரு பருவ மாற்றத்தின்போது தள்ளுவண்டி சரிவில் பிடி நழுவி, ஆமைக்குளத்தில் கவிழ்ந்தது. ஆமைகளுக்குக் காயம் ஏதுமில்லை. இயந்திரம் பிழைக்கவில்லை.

புதிய இயந்திரம் ஒன்றைத் தர மேலிடம் இசைந்தது. ஆனால், அது சுவரில் பதிக்கத்தக்கது. ஓரிடத்தில் பதித்தால் பதித்ததுதான். எனவே, கரடி, கிளி இரண்டனுள் ஒன்றை வேறிடத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்றாயிற்று. தொலைவில் கடற்கரை நகரம் ஒன்றிலிருந்த மிருகக்காட்சிசாலை, இரண்டில் எது வந்தாலும் பெற்றுக்கொள்வதாகத் தெரிவித்தது. அதன் பெருந்தன்மை கண்காணிப்பாளருக்கு ஓர் உதவியும் செய்யவில்லை.

விலங்கு இடம் மாறினால் அதனை வளர்ப்பவரும் உடன் மாறுவது அங்கு நெடுநாளைய வழக்கம். கரடிக்காரர் பேசிக்கொண்டே வீசினாலன்றிச் சின்னவன் மீனைத் தொடமாட்டான். கிளிக்காரரின் கையிலிருந்தன்றிப் பெரியம்மா கொட்டையை உடைக்கமாட்டாள். முன்னொரு காலத்தில் ஒட்டகச்சிவிங்கியுடன் சென்ற ஒருவர் இன்னும் திரும்பவில்லை. ஒட்டகச்சிவிங்கி நலமாக இருப்பதாகக் கேள்வி.

இதில் இடர்ப்பாடு என்னவெனில், கரடிக்காரரும் கிளிக்காரரும் சம்பந்திகள். கரடிக்காரரின் மகளைக் கிளிக்காரரின் மகனுக்கு மணமுடித்திருந்தனர். அப்பெண் இப்போது கருவுற்றிருந்தாள். வெயிற்காலத்தின் முடிவில் குழந்தை பிறக்கும் என மருத்துவர் கூறியிருந்தார். அந்நாளில் இரு சம்பந்திகளுள் ஒருவர் கடற்கரை நகரத்தில் இருந்தாக வேண்டும்.

அவர்களைப் பார்த்தவர்கள் தொழிலை மாற்றிச் சொல்லிவிடுவது வழக்கம். கரடிக்காரர் மெலிந்த, சிறிய உருவினர், ஓயாமல் பேசுபவர். கிளிக்காரர் வாயிற்படியில் பக்கவாட்டில் திரும்பி நுழையுமளவு பருத்தவர். நாளொன்றுக்கு ஒரு வாக்கியம் பேசினால் அன்று அவருக்கு ஏதோ மனக்கிளர்ச்சி என்று பொருள்.

கண்காணிப்பாளர் நேர்மையானவர், தீர்மானம் செய்வது நீங்கலாக மற்றெல்லாவற்றையும் முறைப்படி செய்பவர். இருவரையும் தம் அறைக்கு அழைத்தார்.

"உக்காருங்க. யாருக்கும் அநியாயம் நடந்துடக் கூடாது. முறையா ஒப்பிட்டுப் பாத்து முடிவு பண்ணிடுவோம்."

"கரடியையும் கிளியையுமா சார்?" என்றார் கரடிக்காரர்.

"பின்னே? உங்க ரெண்டு பேரையுமா ஒப்பிட முடியும்?"

கிளிக்காரர் அமர்ந்தார். நாற்காலி ஒரு முறை முனகி அடங்கியது. கண்காணிப்பாளர் உணவு வேளைகள் எழுதியிருந்த கரும்பலகையைத் துடைத்து, நடுவே ஒரு கோடு கிழித்தார்.

"முதல்ல எடை. கரடி?"

"அரை டன்னுக்குக் கொஞ்சம் கம்மி சார். இப்ப வெயிலுக்கு இளைச்சிருக்கான், பாவம்."

"கிளி?"

"ஒரு கிலோ," என்றார் கிளிக்காரர். சற்றே ஆராய்ந்துவிட்டு, "சாப்பிட்டப்புறம்," என்று சேர்த்துக்கொண்டார்.

"நிறம்?"

"வெள்ளைன்னு எழுதிடாதீங்க சார்," என்று கரடிக்காரர் எழுந்தேவிட்டார். "உண்மையில அந்த முடிக்கு நிறமே கிடையாது. வெளிச்சம் பட்டு வெள்ளையாத் தெரியுது. உள்ளே தோல் கறுப்பு."

"வெளியில தெரியறதை மட்டும் சொல்லுங்க. உள்ளே எப்படின்னு பாக்க ஆரம்பிச்சா நம்ம எல்லாருமே மாட்டிக்குவோம்."

வெள்ளை என்று எழுதப்பட்டது. கிளியின் பக்கத்தில் எல்லா நிறங்களையும் எழுத இடம் போதாமையால் 'பல' என்று எழுதப்பட்டது.

"சாப்பாடு?"

"மீன் சார். கொழுப்பு மீன். தர்ப்பூசணி குடுத்தா உருட்டி விளையாடுவான், திங்க மாட்டான்."

"கிளிக்கு?"

"கொட்டை."

"என்ன கொட்டை?"

"பெரிசு."

"அடுத்தது பேச்சு," என்று கூறிக் கண்காணிப்பாளர் கிளியின் பக்கம் சுண்ணக்கட்டியைக் கொண்டுசென்றார்.

"அவசரப்படாதீங்க சார். இதுல சம்பந்தி பக்கம் ஜெயிச்சிரும்னு நினைக்கிறீங்க. அந்தம்மாவுக்குச் சக்கரச் சத்தம் தவிர வேற ஒண்ணும் தெரியாது. எங்க சின்னவன் கொட்டாவி விட்டாக்கூட ஆமைக்குளம் வரைக்கும் கேக்கும்."

"கொட்டாவியைப் பேச்சுல சேக்க முடியாதுய்யா."

"சக்கரத்தைச் சேக்கலாமாக்கும்?"

கண்காணிப்பாளர் இதனை நெடுநேரம் சிந்தித்தார். பின்னர் இரு பக்கங்களிலும் 'ஐயம்' என்று எழுதினார். மக்கள் எதனை மிகுதியும் விரும்புகின்றனர் என்ற வினாவுக்கும் தெளிவு பிறக்கவில்லை. கரடியைக் காண வந்தவர்கள் அது உறங்குவதைக் கண்டு திரும்பினர். கிளியைக் காண வந்தவர்கள் அதன் முதுகைக் கண்டு திரும்பினர். இரு சாராரும் சமமாகவே குறைகூறினர்.

"சரி, ஏதாவது ஒரு விஷயமாவது ஒத்துப்போகுதா?"

கரடிக்காரருக்கே சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. கிளிக்காரர் தொண்டையைச் செருமினார்.

"ரெண்டும் அதது ஊரைப் பாத்ததில்ல சார்."

அது மெய். சின்னவன் கடற்பனியையும் பெரியம்மா காட்டையும் கண்டவர்கள் அல்லர். இருவரும் வெவ்வேறு மிருகக்காட்சிசாலைகளின் கூண்டுகளில் பிறந்தவர்கள். கண்காணிப்பாளரின் முகம் மலர்ந்தது.

"அப்படின்னா எதை அனுப்பினாலும் அதுங்களுக்கு ஒண்ணுதான்!"

"அதுங்களுக்கு ஒண்ணுதான் சார்," என்றார் கரடிக்காரர். "எங்களுக்கு?"

கூட்டம் அத்துடன் ஒத்திவைக்கப்பட்டது.

அன்று மாலை கரடிக்காரர் மகளின் வீட்டுக்குச் சென்றார். மாடியில் இரண்டே அறைகள். அவற்றுள் ஒன்றில் இரண்டு தொட்டில்கள் அருகருகே நின்றன. ஒன்று தாய்வழித் தாத்தா வாங்கியது. மற்றொன்று தந்தைவழித் தாத்தா வாங்கியது. இருவரும் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் ஒரே வாரத்தில் கொண்டுவந்து இறக்கியிருந்தனர். இப்போதைக்கு ஒன்றில் மடிக்காத துணிகளும் மற்றொன்றில் மருமகனின் தலைக்கவசமும் கிடந்தன.

மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்பார்வை சோதிப்பவள். கடையிலிருந்து அப்போதுதான் திரும்பி, கால்களை நீட்டி அமர்ந்திருந்தாள். கிளிக்காரரின் மனைவி அருகில் அமர்ந்து அவளுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"நீயே சொல்லிடும்மா," என்றார் தந்தை. "நான் போகட்டுமா, உன் மாமனார் போகட்டுமா?"

"அப்பா, காலையிலேருந்து கடையில நான் கேக்கிற கேள்வியே இதுதான். 'இந்தக் கண்ணாடியில நல்லா தெரியுதா, இதுக்கு முன்னாடி போட்டதுலயா?' பாதிப் பேர் முழிச்சுட்டு, ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்குங்கிறாங்க. அலுத்துப்போய் வீட்டுக்கு வந்தா நீங்க அதையே என்கிட்ட கேக்கிறீங்க."

"அதுக்காக ஒரு பதில் இல்லாமப் போயிடுமா?"

"பதிலா? குழந்தை பிறக்கிற அன்னிக்கு நீங்களும் மாமாவும் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கணும். சண்டை போட்டுக்கிட்டாவது நில்லுங்க. ஆனா ரெண்டு பேரும் நிக்கணும். அவ்வளவுதான்."

"எங்க வீட்டுக்காரர் வாசல்ல நின்னா அப்புறம் டாக்டர் எந்த வழியாப் போவாரு?" என்றார் சம்பந்தியம்மா. மகள் சிரிப்பை அடக்க முயன்று, இயலாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு சம்பந்தி," என்று அவ்வம்மையார் ஒரு சுளையைக் கரடிக்காரரிடம் நீட்டினார். "நீங்க போயிட்டா எனக்குத்தான் திண்டாட்டம். நீங்க வர்ற அன்னிக்கு மட்டும்தான் நான் பேசறதுக்கு ஒரு பதில் கிடைக்குது. மத்த நாளெல்லாம் சுவத்தோட பேசற மாதிரி. சுவராவது எதிரொலிக்கும்."

"அதுக்காகக் கரடியை நிறுத்தி வைப்பாங்களா சம்பந்தியம்மா?"

படியிறங்கும்போது கரடிக்காரர் மனத்துக்குள் கழித்துப் பார்த்தார். தம் மனைவி மறைந்து நெடுங்காலமாயிற்று. கரடி சென்றால் அதனுடன் தாம் ஒருவர் மட்டுமே செல்ல நேரும். கிளி சென்றாலோ சம்பந்தியும் செல்வார், சம்பந்தியம்மாவும் உடன் செல்வார். பிள்ளை பெற்றவளை எழுப்பி உட்காரவைக்கவும் குழந்தையைக் குளிப்பாட்டவும் அறிந்தவர் இவ்விரு குடும்பத்திலும் அவ்வம்மையார் ஒருவரே. கணக்கு இவ்வளவு எளிதாக முடிந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. வழி நெடுகிலும் மீண்டும் மீண்டும் போட்டுப் பார்த்தார். விடை மாறவில்லை.

மறுநாள் கண்காணிப்பாளரின் அறையில், கிளிக்காரரின் முன்னிலையிலேயே அதனைக் கூறினார்.

"எங்க சின்னவனையே அனுப்பிடுங்க சார். நான் கூடப் போறேன்."

சம்பந்தி மறுப்பார் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். 'அதெல்லாம் முடியாது' என்றால் இன்னது கூறுவது, 'நான் போகிறேன்' என்றால் இன்னது கூறுவது, கண் கலங்கினால் தோளைத் தட்டிக் கொடுப்பது என்று எல்லாவற்றையும் ஆயத்தம் செய்துகொண்டு வந்திருந்தார்.

"சரி," என்றார் கிளிக்காரர்.

ஆயத்தம் செய்தவை அனைத்தும் வீணாயின. கண்காணிப்பாளர் எழுந்து கரும்பலகையைத் துடைத்து, பழையபடி உணவு வேளைகளை எழுதத் தொடங்கினார்.

கரடிக்காரர் தம் மனக்குறையை முதலில் சின்னவனிடம் கூறினார். "ஒரு 'ஐயோ' சொல்லக் கூடாதா? ஒப்புக்காவது ஒரு தடவை வேண்டாம்னு சொல்லக் கூடாதா? பொண்ணைக் குடுத்த இடம்டா அது!" சின்னவன் மீனை விழுங்கினான். பின்னர் அக்குறையைச் சம்பந்தியம்மாவிடமும் கூறினார்.

"அவர் எதுக்குத்தான் சரின்னு சொல்லல?" என்றார் அவ்வம்மையார். "எங்க கல்யாணப் பேச்சை எடுத்தப்பவும் அதே 'சரி'தான். அதுக்கு மேல ஏதாவது சொல்லுவாருன்னு நான் இன்னும் காத்துக்கிட்டிருக்கேன்."

கிளியின் வீடு கல்லால் கட்டப்பட்டது. அதன்மீது பெருமரங்கள் கவிந்திருந்தமையால் நண்பகலிலும் உள்ளே குளிரும். முதுமை கருதி, பெரியம்மாவின் அறை எந்நேரமும் வெம்மையாக இருக்க வேண்டும் என விலங்கு மருத்துவர் பணித்திருந்தார். எனவே, புதிய இயந்திரத்தை அவ்வறையின் சுவரில் பதிக்க ஒரு மெக்கானிக் வந்தார்.

"இதோட பின்பக்கம் வெளியில இருக்கணும் சார்," என்றார் அவர்.

"வெளியில கூடாது," என்றார் கண்காணிப்பாளர். "குரங்கு."

அங்குக் கூண்டில் வாழ்ந்த குரங்குகளை அவர் குறிப்பிடவில்லை. அழைப்பின்றி வந்து மரங்களில் குடியேறிய குரங்குகளும் அங்கு இருந்தன. அலுவலகச் சுவருக்கு வெளியே பொருத்தியிருந்த ஓர் இயந்திரத்தின் குழாய்களை அவை முன்பு பிடுங்கிக் கழுத்தில் அணிந்துகொண்டு திரிந்ததுண்டு. அன்று முதல், எந்த இயந்திரத்தின் எந்தப் பகுதியும் கூரைக்கு வெளியே இருத்தலாகாது என்பது அங்கு விதி.

"ஒரு திருகாணிகூட வெளியில நீட்டக் கூடாது. பின்பக்கத்தை அடுத்த ரூமுக்குள்ள வச்சிடுங்க."

"அப்படி வச்சா அந்த ரூம் கெட்டுப்போயிடும் சார்."

"அது வழியனுப்பு அறை. அங்கே யாரும் நிரந்தரமா இருக்கப்போறதில்ல."

ஊரை விட்டுச் செல்லும் விலங்குகளைப் பயணத்துக்கு முன் பழக்கும் அறைக்குத்தான் அப்பெயர். தகரக் கூரையும் இரும்புக் கம்பிகளும் கொண்டது. கிளியின் அறையோடு ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்வது. மெக்கானிக் தோளைக் குலுக்கிவிட்டு, கூறியவாறே பதித்து, பின்பக்கத்துக்கு ஓர் இரும்புவலையும் இட்டுச் சென்றார். அறை எவ்வாறு கெடும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேளாத வினாவுக்கு விடை கூறும் இயல்பு அவருக்கும் இல்லை.

அடுத்த வாரம் சின்னவன் வழியனுப்பு அறைக்கு மாற்றப்பட்டான். பயணப்பெட்டி அவ்வறையின் ஒரு புறத்தில் வாய் திறந்து வைக்கப்பட்டது. கம்பிகளுக்கு வெளியே கனத்த மரக்கதவு. அதில் மீன் வீசுவதற்கென ஒரு சிறு திறப்பு. பனிக்கரடியின் அறைக்குள் ஒருவரும் நுழைவதில்லை ஆதலால், உள்ளே நிலைமை எவ்வாறு உள்ளது என்பதைக் கரடிக்காரர் அத்திறப்பின் வழியே கண்டதைக் கொண்டே அறிந்தார்.

அவர் கண்டது அவருக்கு உவப்பளிக்கவில்லை. பழைய குகையில் இதே வெயிலில் ஈரச் சாக்கின்மேல் நாவைத் தொங்கவிட்டுக் கிடந்தவன், இங்குத் தகரக் கூரையின் கீழ் நான்கு கால்களையும் மேலே தூக்கிக்கொண்டு மல்லாந்து உறங்கினான். மீனை ஒன்று விடாமல் தின்றான். தர்ப்பூசணியைச் சுவருக்குச் சுவர் உருட்டினான்.

"ஊரை விட்டுப் போறதுல உனக்கு அவ்வளவு சந்தோஷமாடா?" என்று கரடிக்காரர் திறப்பின் வழியே வினவினார். "நான் இங்கே சோறு இறங்காமத் தவிக்கிறேன். நீ குட்டிக்கரணம் போடறே. நல்லா இருடா."

யார்மீதாவது சினம் கொள்ளாமல் அவரால் அங்கு நிற்க இயலவில்லை. அடுத்த கதவைத் தட்டினார்.

"உங்க மெஷின் ரொம்பச் சத்தம் போடுது சம்பந்தி."

"சரி."

"சரின்னா என்ன அர்த்தம்? குறைப்பீங்களா?"

"பெரியம்மாவுக்குக் குளிரும்."

"அப்ப எங்க சின்னவனுக்குத் தூக்கம் கெட்டா பரவாயில்லையா?"

கிளிக்காரர் தம் அறையிலிருந்து பக்கவாட்டில் வெளிவந்து, திறப்பின் வழியே குனிந்து பார்த்தார். சின்னவனின் குறட்டை தாழ்வாரம் முழுவதும் கேட்டது.

"தூங்குதே," என்றார்.

உடனே நிமிர்ந்துவிடாமல், அத்திறப்பில் ஒரு கையை வைத்தபடி சற்று நேரம் நின்றார். பின்னர் அக்கையைத் தம் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார். மீண்டும் உள்ளே சென்றார். 'மனுஷனுக்கு வெக்கமாவது வந்துச்சே' என்று கரடிக்காரர் எண்ணிக்கொண்டார்.

பயண நாள் வந்தது. நண்பகல் வெயிலில் ஒரு பெரிய வண்டி வந்து நின்றது. ஆட்கள் இறங்கினர். கண்காணிப்பாளர் தொப்பி அணிந்து வந்திருந்தார். கரடிக்காரரின் பெட்டி படுக்கைகள் ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னே ஏற்றப்பட்டுவிட்டன. மகள் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்து, ஒட்டகங்களின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அவள் ஒட்டகங்களைப் பார்க்கவில்லை என்பது அவற்றுக்கும் தெரிந்திருக்கும்.

சின்னவன் வந்தபின் முதன்முறையாக மரக்கதவு முழுவதும் திறக்கப்பட்டது. கரடிக்காரர் பயணப்பெட்டியின் வெளிப்புறத் திறப்பின் வழியே அதன் கடைக்கோடியில் மீனும், வழியில் விளையாடத் தர்ப்பூசணியும் வைத்துவிட்டு, கம்பிகளுக்கு வெளியே நின்று வழக்கம்போல் பேசத் தொடங்கினார்.

"வாடா, வா. கடல் காத்தாம். உனக்கு நல்லதுதான். உள்ளே போ. எனக்கென்ன, நான் எங்கே இருந்தா என்ன. போடா ராஜா."

அவர் குரல் வழக்கம்போல் இல்லை. ஆயினும் சின்னவன் எழுந்தான், பெட்டியை முகர்ந்தான், தலையை உள்ளே நீட்டினான், முன்கால்கள் உள்ளே சென்றன. ஆட்கள் கதவுச் சங்கிலியைக் கையில் எடுத்தனர்.

அப்போது சுவருக்கு அப்பாலிருந்து தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது.

சின்னவன் அசையாமல் நின்றான். அவ்வண்டி ஆமைக்குளத்தில் கவிழ்ந்து, விறகாகி, நெடுநாளாயிற்று என்பது அவனுக்குத் தெரியாது. சக்கரம் மீண்டும் கிறீச்சிட்டது. சின்னவன் பெட்டியிலிருந்து பின்னோக்கி நடந்து வெளியேறினான். வாழ்நாள் முழுவதும் அவ்வொலிக்குப் பின்னால் குளிர்ச்சி வந்துகொண்டிருந்தது. எனவே, ஒலி வந்த சுவரருகே சென்று, இரும்புவலையின் முன் காத்து நின்றான்.

இயந்திரம் உறுமத் தொடங்கியது. அதன் பின்பக்கத்துக் குழாய்களில் வெண்ணிறமாகப் பனி படர்ந்திருந்ததை அப்போதுதான் அனைவரும் கண்டனர். சின்னவன் வலையோடு முகத்தை ஒட்டி அதனை நக்கினான். பின்னர் அதன் அடியிலேயே மல்லாந்து படுத்து, நான்கு கால்களையும் தூக்கிக்கொண்டான். கம்பிகளின் வழியே ஒரு காற்று வீசியது. வெளியில் வெயில் கொளுத்திய அவ்வேளையில் கண்காணிப்பாளர் தம் சட்டையின் மேற்பொத்தானை இட்டுக்கொண்டார்.

"எங்கேருந்துய்யா வருது இந்தக் குளிர்?"

வண்டியோடு வந்த ஆட்களுள் மூத்தவர் எட்டிப் பார்த்தார். "மெஷின் முன்பக்கம் அந்த ரூம்ல சூடு குடுக்குதுல்ல? அந்தச் சூட்டை இங்கேருந்துதான் உறிஞ்சுது. பின்பக்கத்தை யாரு சார் ரூமுக்குள்ள வச்சது?"

கரடிக்காரர் சுவரையும் கரடியையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னர் கிளியின் அறையை நோக்கிக் குரல் எழுப்பினார்.

"அப்ப இத்தனை நாளா உங்க கிளிக்குக் குடுத்த சூடெல்லாம் எங்க சின்னவன்கிட்டேயிருந்து எடுத்ததா? ஒரு வார்த்தை கேக்காமலேயே எடுத்திருக்கீங்களே சம்பந்தி!"

கிளிக்காரர் வாயிலில் பக்கவாட்டில் தோன்றினார். தோளில் பெரியம்மா அனைவருக்கும் முதுகைக் காட்டி அமர்ந்திருந்தாள்.

"சரி," என்றார் அவர்.

கண்காணிப்பாளர் தொப்பியைக் கழற்றினார், மீண்டும் அணிந்தார். ஒரே இயந்திரம், ஒரே சுவர், இந்தப் பக்கத்துக்கு மிஞ்சியது அந்தப் பக்கத்துக்குத் தேவை. தீர்மானம் ஒன்றும் செய்யாமலே காரியம் முடிந்துவிடக்கூடிய நிலை தம்முன் கால் தூக்கி உறங்குவதை அவர் கண்டார்.

"இதைத்தான் நான் ஆரம்பத்துலேருந்து சொல்லிக்கிட்டிருந்தேன்," என்றார்.

எவரும் மறுக்கவில்லை. சின்னவனின் பழைய குகைக்கும் அவ்வறைக்கும் இடையே ஒரு வேலியிட்ட பாதை அமைத்துவிடுவது என்றும், வழியனுப்பு அறைக்கு வேறு பெயர் வைப்பது என்றும் அங்கேயே முடிவாயிற்று. வந்த வண்டியும் வெறுமையாகத் திரும்பவில்லை. பெட்டியில் தர்ப்பூசணி இருப்பதை மரத்திலிருந்து கவனித்த குரங்குகள், பெட்டி வண்டியில் ஏற்றப்பட்டதும் அதனுள் புகுந்துகொண்டன. கடற்கரை நகரத்தில் கதவைத் திறந்தபோதுதான் அது தெரியவந்தது. எது வந்தாலும் பெற்றுக்கொள்வதாக அவர்கள் முன்னரே வாக்களித்திருந்தனர். குரங்குகளுடன் வளர்ப்பவர் எவரும் செல்ல நேரவில்லை. அவற்றுக்கு அப்படி ஒருவர் இல்லை.

கரடிக்காரரின் பெட்டி படுக்கைகளை இறக்கிக்கொண்டு இரு சம்பந்திகளும் தாழ்வாரத்தில் அமர்ந்தனர். மகள் அழுது முடித்துவிட்டு, முகம் கழுவச் சென்றிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்," என்றார் கரடிக்காரர். "கிளி குளிர்ந்தாத்தானே அந்தச் சத்தம் போடும்? நீங்க மெஷினை நிறுத்தியிருக்கீங்க. ஜன்னலையும் திறந்திருக்கீங்க. இப்பத்தான் பாத்தேன். எதுக்கு?"

"பெரியம்மாவுக்கு வேர்த்துது."

"கிளிக்கு எங்கே வேர்க்கும் சம்பந்தி?"

கிளிக்காரர் ஆமைக்குளத்தைப் பார்த்தார். ஆமைகள் ஒன்றும் செய்துகொண்டிருக்கவில்லை.

"சரி, அதை விடுங்க. அன்னிக்கு நான் போறேன்னு சொன்னப்ப ஏன் சட்டுனு சரின்னீங்க? ஒரு தடவை மறுத்திருக்கக் கூடாதா?"

கிளிக்காரர் பெரியம்மாவை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"பேச்சுல உங்களை ஜெயிக்க முடியுமா?" என்றார்.

கரடிக்காரர் அதற்கு விடையாகப் பல கூறத் தொடங்கினார். அவை மாலைவரை நீண்டன.

வெயிற்காலத்தின் முடிவில் குழந்தை பிறந்தது, பெண். மருத்துவமனை வாசலில் இருவரும் நின்றனர். வழியை அடைக்காமல் ஒதுங்கி நிற்குமாறு கிளிக்காரருக்கும், உரக்கப் பேசாமலிருக்குமாறு கரடிக்காரருக்கும் செவிலி பலமுறை கூற நேர்ந்தது. கண்காணிப்பாளர் பழங்களுடன் வந்து பார்த்தார். பழக்கத்தின் காரணமாக எடையை வினவினார்.

"கிளியை விடக் கூட, கரடியை விடக் கம்மி சார்," என்றார் கரடிக்காரர்.

குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், எந்தத் தொட்டிலில் இடுவது என்ற வினா எழுந்தது. இரு தாத்தாக்களும் வெவ்வேறு திசைகளை நோக்கி நின்றனர். மகள் முதலில் ஒன்றில் இட்டாள். குழந்தை வீறிட்டது. எடுத்து மற்றொன்றில் இட்டாள். அதே அளவு வீறிட்டது.

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்காம்," என்று கூறிவிட்டு, அவள் சென்று படுத்துக்கொண்டாள்.

சம்பந்தியம்மா குழந்தையை எடுத்துத் தம் கணவரின் தோளில் சாய்த்தார். அவ்வகன்ற தோளில் அது ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டது. ஆனால் அழுகை அடங்கவில்லை. கரடிக்காரர் அருகில் வந்து, தம்மையறியாமல், மீன் வீசும்போது பேசுவதுபோலவே பேசத் தொடங்கினார். தொட்டிலைப் பற்றியும், தம் மாப்பிள்ளையின் தலைக்கவசத்தைப் பற்றியும், கடற்கரைக்குச் சென்ற குரங்குகளைப் பற்றியும் பேசினார். குழந்தை உறங்கிற்று.

அவர் மூச்சு வாங்கப் பேச்சை நிறுத்தினால் குழந்தை விழித்துக்கொண்டது. தோள் மாற்றலாம் என்று கிளிக்காரர் சற்றே அசைந்தாலும் விழித்துக்கொண்டது. ஆகையால், ஒருவர் பேசிக்கொண்டும் மற்றவர் அசையாமலும் பொழுது சாயும்வரை அங்கேயே நின்றனர்.

அன்று சின்னவனுக்கும் பெரியம்மாவுக்கும் உணவு சற்றுத் தாமதமாயிற்று.